மூன்றாண்டு ஊசிக்கு ஓராண்டு மதிப்பா?

நாய் உரிமப் பிரிவு அலுவலர்களுக்கும் கால்நடைத்துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம். பன்னிரண்டு மாதம் கடந்த ரேபிஸ் தடுப்பூசிச் சான்று எதுவானாலும் உரிமப் புதுப்பிப்புக்குச் செல்லாது என்ற உங்கள் சுற்றறிக்கை பற்றி எழுதுகிறோம். ஊசியே வேண்டாம் என்று வாதாட வரவில்லை. ரேபிஸ் என்ன செய்யும் என்பது எங்களுக்கும் தெரியும். கேட்பது ஒன்றுதான்: மூன்றாண்டுக்கு அனுமதி பெற்ற ஊசியின் சான்றை மூன்றாண்டுக்கு ஏற்றுக்கொள்ளுங்கள்.

அந்த மூன்றாண்டு, விற்பவர் வாய்க்கு வந்தபடி சொன்ன கணக்கல்ல. அமெரிக்க விதிப்படி, ஊசி போட்ட 25 விலங்குகளுக்கும் போடாத 10 விலங்குகளுக்கும், குறித்த காலம் முடிந்ததும் வைரஸைச் செலுத்துகிறார்கள். போடாதவற்றில் 80 சதவீதமாவது ரேபிஸில் இறக்க வேண்டும். போட்டவற்றில் 22 ஆவது 90 நாள் நலமாக இருக்க வேண்டும். அப்போதுதான் லேபிளில் அந்தக் காலத்தை அச்சிட முடியும். அத்தனை உயிரைக் கொடுத்து உறுதி செய்த தேதியை உங்கள் ரப்பர் முத்திரை ஒரு நொடியில் அழித்துவிடுகிறது.

நாங்கள் கேட்கும் முறை இதுதான்: பன்னிரண்டு வார வயதில் முதல் ஊசி, அதிலிருந்து ஓராண்டில் இரண்டாவது, அதன்பின் மூன்றாண்டுக்கு ஒன்று. இரண்டாவதைப் போடாமலே மூன்றாண்டு கேட்டு வருபவரைத் தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள். ஊசி மருந்தின் தொகுதி எண் (batch number) இல்லாத சான்றையும், நாயின் தோலுக்கடியில் உள்ள மைக்ரோசிப்பின் அடையாள எண் பொருந்தாத சான்றையும் அப்படியே. ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்று பேசுவோரோடு எங்களைச் சேர்த்துவிடாதீர்கள். 2020இல் வெளியான ஆய்வில், ஊசி போட்டு 6 ஆண்டு 7 மாதம் ஆன நாய்களுக்கு வைரஸைச் செலுத்தியபோது 80 சதவீதம் பிழைத்தன. 7 ஆண்டு 1 மாதத்தில் பாதிதான். 8 ஆண்டில் 20 சதவீதம். பாதுகாப்பு தேய்கிறது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பன்னிரண்டாம் மாதத்தில் தேய்வதில்லை.

இந்தச் சுற்றறிக்கையில் அதிகம் நசுங்குவது நோயுற்ற நாய். தன் சிவப்பணுக்களைத் தன் உடலே அழிக்கும் இரத்தசோகையிலிருந்து மீண்டு, எதிர்ப்பாற்றலை அடக்கும் பிரெட்னிசலோன் மருந்தின் அளவை மெல்லக் குறைத்துவரும் நாயை எண்ணிப் பாருங்கள். நலமான விலங்குக்கு மட்டும் போடுக என்று ஊசியின் லேபிளே சொல்கிறது. அந்த மருந்து உள்ளே இருக்கும்போது போட்ட ஊசி சரியாக எடுக்காமலும் போகலாம். ஓய்ந்த நோய் திரும்பும் அச்சம் தனி. நாய் சின்னதாயிற்றே என்று மருந்தைக் குறைக்கவும் வழியில்லை: இரண்டு கிலோ நாய்க்கும் ஐம்பது கிலோ நாய்க்கும் அதே ஒரு மில்லிலிட்டர்தான். இந்த நாய்க்கு ஊசியிலிருந்து விலக்கு வேண்டும் என்று மருத்துவர் காரணம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கிறார். உங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ‘ஊசி போட்ட தேதி’ என்ற கட்டம் காலியாக இருப்பதால் விண்ணப்பம் திரும்புகிறது.

இரத்தத்தில் ரேபிஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்கிறது என்ற சான்றோடு நாய்கள் நாடுவிட்டு நாடு போகின்றன. உங்கள் மேசையில் அந்தத் தாள் வெறும் தாள். அந்த எண்ணை மட்டும் வைத்து ஊசியைத் தவிர்க்கக் கேட்கவில்லை; மருத்துவர் விலக்குக் கொடுத்த நாய்க்குத் துணைச் சான்றாகவாவது பாருங்கள் என்கிறோம்.

கெடு ஒரு நாள் தாண்டினாலும் ‘முதல் ஊசி’ என்று பதிந்து 28 நாள் காத்திருக்க வைக்கிறீர்களே, அது ஏன்? கெடு தவறிய நாய்களும், ஒரு ஊக்க ஊசி போட்டதும், தவறாதவற்றைப் போலவே எதிர்ப்பொருளை உயர்த்துகின்றன என்று 2015இலேயே ஆய்வு வந்துவிட்டது. உடலின் நினைவுக்கு உங்கள் நிதியாண்டு தெரியாது.

நோய் பரவும் சங்கிலி அறுபட, நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி எட்ட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஒரு ஊசியும் காணாத நாய்கள் உங்கள் கவுன்டருக்கு வரிசையில் வருவதில்லை. வந்த நாயையே மறுபடி மறுபடி குத்தினால் பதிவேட்டில் எண்ணிக்கை ஏறும், தெருவில் ஏறாது. பொறுத்தருள்க, கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டோம்.

எனவே பணிவுடன் கேட்கிறோம்: மூன்றாண்டு ஊசியை மூன்றாண்டுக்கு ஏற்றுக்கொள்ளுங்கள். படிவத்தில் ‘போட்ட தேதி’யின் பக்கத்தில் ஊசியின் பெயர், தொகுதி எண், ‘செல்லுபடியாகும் தேதி’ ஆகியவற்றுக்கு இடம் விடுங்கள். அதற்குக் கீழே, ஆண்டுதோறும் மருத்துவர் புதுப்பிக்கும் விலக்குக்கு ஒரு கட்டம்.

இப்படிக்கு,
வளர்ப்பு நாய் உரிமம் பெற்றோர்