சாமான் வந்துதோ பிள்ளை

கொக்குவில்
2020 மே 6

என்ர பிள்ளைக்கு,

உன்ர மெசேஜ் பாத்தனான். அம்மா நான் சுகம், வேலை பிசி, பிறகு எடுக்கிறன். போன கிழமையும் இதுதான், அதுக்கு முந்தியும் இதுதான், ஒரு எழுத்து மாறேல்லை. பிசி எண்டா பிசிதான், நான் ஒண்டும் சொல்லேல்லை. முந்தி வொய்ஸ் மெசேஜ் ஆவது போடுவாய், இப்ப அதுகும் இல்லை, சரி. நாங்கள் சுகம். அப்பாவின்ர பிரஷர் மருந்தைத் தபால்காரர் வீட்டை கொண்டந்து தந்திட்டார், கிளினிக்குக்குப் போற அலைச்சல் மிச்சம். சாப்பாட்டுக்கும் குறை இல்லை, சனசமூக நிலையத்துப் பெடியள் கொண்டந்து தருகினம். அதால எங்களை நினைச்சுக் கவலைப்படாத.

அந்தப் பெடியளின்ர கதையை உனக்குச் சொல்லவேணும். மார்ச் 20 பின்னேரம் ஊரடங்கு போட்டவங்கள், ரெண்டு நாளில பக்கத்துத் தாவடியில ஒராளுக்குக் கொரோனா வருத்தம் எண்டு கண்டுபிடிச்சிட்டினம், அதோட அந்தப் பக்கம் முழுக்கப் பூட்டு. தாவடி எங்களுக்கு எவ்வளவு தூரம், உனக்குத் தெரியுந்தானே. சனம் படலைக்கு வெளியால எட்டிப் பாக்கவே பயம். அப்பதான் இவங்கள் விதானையாரோட கதைச்சு, பாஸ் எடுத்து, ஒழுங்கை ஒழுங்கையா வந்து, வயசு போன ஆக்கள் ஒருத்தரும் வெளிக்கிடாதேங்கோ, என்ன வேணும் எண்டு எழுதித் தாங்கோ எண்டாங்கள். ஆர் எண்டு நினைக்கிறாய்? சந்தியில மதிலுக்கு மேல இருந்து ஃபோனை நோண்டிக்கொண்டு இருப்பாங்களே, அதே காவாலியள்தான், அப்பா பேசாத நாள் இல்லை. இப்ப மாஸ்க்கும் போட்டுக்கொண்டு, கொப்பியில வீட்டு வாரியா எழுதி, சங்கக்கடைப் பில்லோட கொண்டந்து படலைக் கொக்கியில பையைக் கொழுவிப்போட்டு ஒழுங்கைக்கு அங்கால போய் நிண்டு "அம்மம்மா சாமான்" எண்டு கத்துவாங்கள். காசை நான் பிளாஸ்ரிக் பேணிக்குள்ள போட்டு மதிலில வைப்பன். மிச்சக் காசு ஒரு ரூபா பிசகாமல் வரும். பெற்றோலுக்கு எண்டு அப்பா நூறு ரூபா கூட வைச்சா அதுகும் திரும்பி வரும். அப்பாவுக்கு அதில ஒரு கோபம் வேற.

பிழை விடாமலும் இல்லை. சிவப்புப் பச்சை அரிசி எண்டு வடிவா எழுதிக் குடுத்தா நாட்டரிசி வருது. பெருஞ்சீரகம் கேட்டா நற்சீரகம் வருது, ஆம்பிளைப் பிள்ளையளுக்கு அதுகள் எங்க தெரியும். ஆனா மரக்கறி நல்லது. தம்புள்ளைச் சந்தைக்கு லொறி போகாமல் கோவா, பீற்றூட் எல்லாம் தோட்டத்திலேயே கிடந்து பழுதாப் போகுதெண்டு கமக்காரரிட்ட நேர வாங்கி பையில கட்டிக்கொண்டு வாறாங்கள். பீற்றூட் திண்டு திண்டு அப்பாவுக்கு அலுத்துப் போச்சு.

பின்வளவு ஆச்சி இருக்கிறா எல்லோ, பிள்ளையள் எல்லாம் பிரான்ஸில, அவவின்ர சங்கதி கேள். அவ ஒரு நாளும் சாமான் சேர்த்துச் சொல்லமாட்டா. இண்டைக்கு நெருப்புப்பெட்டி, நாளைக்கு உப்பு, அடுத்தநாள் மஞ்சள் கட்டை. பெடியன் ஒருத்தன் கேட்டவன், ஆச்சி ஒரேயடியாச் சொன்னா நான் ஒருக்கா வந்தாக் காணுமே எண்டு. அதுக்கு அவ, எனக்கு மறதியடா மோனை எண்டா. மறதியோ அவவுக்கு! ஊரில ஆர் எந்த வருசம் காணி ஈடு வைச்சவை எண்டு நாள் கிழமையோட சொல்லுவா. அவனுக்கும் பிறகு விளங்கியிட்டுது போல, இப்ப ஒண்டும் கேக்கிறதில்லை, ஒரு நெருப்புப்பெட்டிக்கும் வாறான், எட்ட நிண்டு அஞ்சு நிமிசம் கதைச்சிட்டுப் போறான்.

நீயும் அங்க அப்பிடித்தானே பிள்ளை. கிழவியளுக்கு உடுப்பு மாத்தி, தீத்தி, கதை கேட்டு. எனக்குத் தெரியும். அப்பா இன்னும் நீ ஆஸ்பத்திரியில எக்கவுண்ட்ஸ் பாக்கிறாய் எண்டுதான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறார், நான் திருத்தேல்லை. கம்பஸில படிச்ச பிள்ளை ஏன் இந்த வேலைக்குப் போச்சுது எண்டு முதல்ல எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது. இப்ப அப்பிடி இல்லை, ஆச்சிக்கு நானே சொன்னனான், என்ர பிள்ளை அங்க ஆச்சிமாரைப் பாக்குது எண்டு. கேட்டிட்டு, எனக்கும் ஒரு பிள்ளை அப்பிடி இருந்தா எண்டு சொன்னா.

ஆனா இந்த நேரத்திலயோ எண்டுதான் என்ர கேள்வி. ராத்திரியில நித்திரை இல்லாமல் யூடியூபில நியூஸ் பாக்கிறனான். உங்க கனடாவில, ஒன்ராறியோவில முதியோர் இல்லங்களில கொள்ளைபேர் சாகினமாம், அஞ்சு இடத்துக்கு ஆமியை அனுப்பியிருக்கினமாம். இஞ்ச ஆமி எண்டா நாங்கள் படலையைச் சாத்திற ஆக்கள், அங்க ஆமிக்காரர் கிழவியளுக்குச் சாப்பாடு குடுக்கினமாம், என்ன உலகம். அதோட ஒராள் ரெண்டு ஹோமில வேலை செய்யேலாதெண்டும் சட்டமாம். நீ ரெண்டு இடத்துக்குப் போறனி எல்லோ. அப்ப சம்பளமும் குறையும். காசு அனுப்பாத. ஏப்ரல் காசே அப்பிடியே கிடக்குது, ஊரடங்கில எங்க போய்ச் செலவழிக்கிறது. காணி அலுவலும் இப்ப ஒண்டும் நடவாது, அந்த ஒபிசே பூட்டு. சத்தியமா அனுப்பாத.

மல்லித் தண்ணி குடி. ஆவி பிடி. இஞ்சி கிடைக்குந்தானே உங்க.

மாமி எடுத்தவ ஞாயிற்றுக்கிழமை, உங்க மார்க்கம் ரவுணில இருந்து. அவவின்ர சின்னவனும் அங்க இப்பிடித்தானாம், கோயில் பெடியளோட சேந்து வயசு போன ஆக்களுக்குச் சாமான் கொண்டுபோய்க் குடுக்கிறானாம், கதவடியில வைச்சு பெல்லை அடிச்சிட்டு காருக்கு ஓடிவந்திடுவானாம். நல்ல வேலை எண்டன். வெளிக்கிடேலாத வருத்தக்காரருக்கும் குடுக்கிறவையாம். அப்பிடியோ எண்டன். பிறகு அவ, உங்கட பிள்ளைக்கும் போன கிழமை கொண்டுபோனவன் அக்கா, ரெண்டு தரம் எண்டு சொல்லிப்போட்டு டக்கெண்டு கதையை மாத்தி, ஊரில மாங்காய்க் காலம் எல்லோ எண்டு கேக்கிறா. மாங்காய்! நானும் ஓம் ஓம் இந்த வருசம் நல்ல காய்ப்பு எண்டு சொல்லிக்கொண்டு இருந்தன். கை நடுங்கினது அவவுக்குத் தெரியாது.

உனக்கு முப்பத்தொரு வயசு பிள்ளை. உனக்கு ஏன் கதவடியில சாமான்?

வேற காரணம் இருக்கலாம். பனியெண்டும் வெளிக்கிடாமல் இருந்திருக்கலாம், மே மாசத்திலயும் உங்க குளிர் எண்டு நீயே சொன்னனி. இல்லாட்டி மேல் வீட்டுக்காரருக்கு வந்த சாமானை மாமி மாறிச் சொல்லியிருப்பா, அவ எப்பவும் ஒண்டை ஒன்பதாக்கிற ஆள், உன்ர சம்பந்த விசயத்தில என்ன செய்தவ எண்டு தெரியுந்தானே. ஆனா சின்னவன் பொய் சொல்லமாட்டான். பாணும் பாலும் பனடோலும் எண்டு லிஸ்ட் அனுப்பினதாம் நீ. பனடோல் எண்ட சொல்லை மாமி வாய் தவறித்தான் விட்டவ.

நீ சின்னனிலயும் இதே பழக்கம்தான். இடப்பெயர்வில சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில இருக்கேக்க காய்ச்சலோட ரெண்டு நாள் ஒண்டும் சொல்லாமல் படுத்திருந்தனி, மேல் நெருப்பாக் கொதிக்க "குளிருது அம்மா, வேற ஒண்டும் இல்லை" எண்டனி. ஆறு வயசு. அப்ப ஆவது எட்டித் தொட்டுப் பாக்க ஏலுமா இருந்தது. எங்களைக் கவலைப்படுத்தக் கூடாதெண்டு நீ நினைக்கிறாய், அது எனக்கு விளங்காமல் இல்லை, பெருமையும்தான், ஆனா இஞ்ச சந்திப் பெடியளுக்கு என்ர வீட்டில எத்தினை கிலோ அரிசி எண்டு தெரியுது, மாமியின்ர மகனுக்கு உன்ர வீட்டு வாசல் தெரியுது, பெத்தவளுக்கு ஒண்டும் தெரியேல்லை எண்டா அது என்ன முறை? சொல்லு பாப்பம்.

நான் பயந்துபோய் விழுந்திடமாட்டன். பொம்மருக்குள்ள உங்களை வளத்தனான். இருந்தால் இருக்கெண்டு சொல்லு, மாறியிட்டுதெண்டா மாறியிட்டுது எண்டு சொல்லு. மணம் குணம் தெரியுதோ, மூச்சு எடுக்கேக்க நெஞ்சு இழுக்குதோ, அதைச் சொல்லு. மாடிப்படி ஏறேக்க இளைச்சாலோ மூச்சு முட்டினாலோ பாத்துக்கொண்டு இருக்காமல் உடன அம்புலன்சுக்கு அடி, ராத்திரியெண்டும் பாக்காத, ஆக்களுக்கு இடைஞ்சல் எண்டும் யோசிக்காத. தனியப் படுக்கிறனியோ, கூட இருக்கிற அந்தப் பிள்ளை நிக்குதோ, போட்டுதோ? நிக்குதெண்டா என்ன மாதிரி, அதுக்கும் வருத்தமோ? மல்லி போட்டுக் குடி, வெறுந்தண்ணியாவது குடிச்சுக்கொண்டிரு. பாணை மட்டும் திண்டுகொண்டு கிடக்காத, சின்னவனிட்டச் சொல்லி அரிசியும் பருப்பும் எடுப்பி, கஞ்சி வைக்கிறது ஒரு வேலையே. அவன் நல்ல பெடியன், சொன்னாச் செய்வான். அவன் வந்தா கதவுக்குப் பின்னால நிண்டாவது ரெண்டு வார்த்தை கதை.

அப்பாவுக்கு ஒண்டும் சொல்லேல்லை. இந்தக் கடிதத்தையும் அவர் கிணத்தடியில நிக்கேக்கதான் அடிக்கிறன், அதான் இவ்வளவு நீளமும் பிழையும். அவர் பின்னேரம் ஆறு மணி நியூஸுக்கு ரேடியோவுக்கு முன்னால குந்தினா எழும்பமாட்டார், அப்ப உங்க காலமை எட்டரை. இல்லாட்டி இஞ்ச விடிய ஆறரைக்கு எடு, அது உங்க ராத்திரி ஒன்பது மணி, அவர் பூ ஆயப் போயிடுவார். எது ஏலுமோ அதுக்கு எடு. வீடியோவில எடு, கமராவை நிப்பாட்டாத, லைட்டைப் போட்டிட்டு எடு. முகம் வாடியிருந்தாலும் பரவாயில்லை, தலை இழுக்காமல் இருந்தாலும் பரவாயில்லை.

அம்மா

காசு அனுப்பாத எண்டு மேல சொன்னனான், மறந்திடாத.