ஓஸ்லோவிலிருந்து காட்பாடிக்கு

ஓஸ்லோ,
மார்ச் முதல் வாரம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பா, அம்மா, நீ எல்லோரும் நலமாக இருக்கிறீர்களா? சிவராத்திரி முடிந்துவிட்டது, காட்பாடியில் வெயில் ஏற ஆரம்பித்திருக்கும்.

அம்மா போனில் எல்லாம் சொன்னாங்க. பத்து மணிக்கு எழுந்திருக்கிறாய், குரூப் 4 பரீட்சைப் புத்தகம் பிரிக்காமலே கிடக்கிறது, ராத்திரி ஒரு மணி வரைக்கும் கையில் செல். சோம்பேறி என்று திட்டுவதற்காக இதை எழுதவில்லை. இப்படி முடங்கிப் போனவர்களை மறுபடி நடமாட வைப்பதுதான் ஆக்குபேஷனல் தெரபியில் என் தினசரி வேலை. தெரிந்ததைச் சொல்கிறேன், ஒரு மாதம் செய்து பார்.

டிசம்பரில் இங்கே சூரியன் ஒன்பதே கால் வாக்கில் வந்து, மூன்று மணி தாண்டியதும் இறங்கிவிடும். ஆறு மணி நேரம்கூடப் பகல் கிடையாது. வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. மனசு வரட்டும், வெளியே போகலாம் என்று உட்கார்ந்தால் மார்ச் வரை யாரும் வாசல் தாண்ட முடியாது. அதனால் இந்த ஊர்க்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கிளம்புகிறார்கள். எட்டு மணிக்கு வேலை. பதினொன்றரைக்கு, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த ரொட்டி. நாலு மணிக்கு வீடு, உடனே ராச்சாப்பாடு. பிறகு காட்டுப் பாதையில் பனிச்சறுக்கு. அதற்கென்றே பாதை நெடுக விளக்குக் கம்பம் நட்டிருக்கிறார்கள். கார்க்காரர் கண்ணில் படுவதற்காகக் கோட்டில் ஒளி பட்டால் மின்னும் வில்லை ஒன்று தொங்கும். கைக்குழந்தையைக்கூடக் கம்பளி சுற்றித் தள்ளுவண்டியில் வெளியேதான் தூங்கப் போடுகிறார்கள்.

உனக்கு அங்கே இருட்டு இல்லை, வெயில். ஆனால் அடைத்த அறைக்குள் நாள் போவது இரண்டு ஊரிலும் ஒன்றுதான். மாடி அறையின் கான்கிரீட் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்து, ராத்திரி பத்து பதினொன்று வரை உள்ளே விடும். அதனால் தூக்கம் தள்ளிப்போகிறது, செல் இன்னும் தள்ளுகிறது. பத்து மணிக்கு எழுந்தால் வெளியே கால் வைக்க முடியாது. வேலூர்ப் பக்கத்தில் உருப்படியாக வேலை நடக்கும் நேரம் விடிந்ததிலிருந்து ஒன்பதரை வரைதான். அந்த நேரம் முழுக்க நீ பாயில் இருக்கிறாய்.

முதலில் எழும் நேரத்தைப் பிடி, படுக்கும் நேரம் பின்னால் தானாக வரும். பத்திலிருந்து ஒரேயடியாக ஆறுக்குத் தாவாதே, மூன்றாம் நாளே உடம்பு கேட்காது. இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை அரைமணி முன்னால் கொண்டுவா. ஆறரைக்கு வந்து சேர மூன்று வாரம் ஆகும், ஆகட்டும். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம்தான்.

எழுந்ததும் முகம் கழுவிவிட்டு மொட்டை மாடிக்குப் போ. அரைமணி நேரம் திறந்த வெளிச்சத்தில் நட, இல்லாவிட்டால் சும்மா உட்கார், சூரியனை நேராகப் பார்க்காதே. டியூப்லைட் போட்ட அறையில் வெளிச்சம் 200, 300 லக்ஸ்தான். வெளியே காலை ஏழு மணிக்கே பல ஆயிரம். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்புக் கடிகாரம் முன்னால் நகரும், ராத்திரித் தூக்கமும் முன்னால் வரும். இங்கே குளிர்காலத்தில் அதே வேலைக்காக 10,000 லக்ஸ் விளக்குப்பெட்டி வாங்கி வைத்து, காலையில் அரைமணி அதன்முன் உட்காருகிறார்கள். உனக்கு அது இலவசமாகவே கிடைக்கிறது, விடாதே.

பகலில் ஒன்றிலிருந்து மூன்றுக்குள் கண் சொருகுவது இயற்கை, சோற்றை மட்டும் குறை சொல்ல முடியாது. தூங்கு, ஆனால் 20 நிமிஷம், அலாரம் வைத்து. ஒரு மணி நேரம் போனால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழ வேண்டிவரும், மந்தம் சாயங்காலம் வரை விடாது, ராத்திரித் தூக்கமும் கெடும். நாலு மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். குடித்த காஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

செல்லை ராத்திரி அம்மாவின் அறையில் சார்ஜ் போடு. அலாரத்துக்கு ஒரு சின்ன மேஜைக் கடிகாரம் வாங்கிக்கொள். இது முடியாவிட்டால் மற்ற எதுவும் நடக்காது என்று நான் நினைக்கிறேன்.

அடுத்தது ஒரு தாள். மணிக்கு ஒரு வரி கோடு போடு. அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்தாய் என்று எழுதி, பக்கத்தில் இரண்டு மார்க் போடு: எவ்வளவு பிடித்திருந்தது, எவ்வளவு சாதித்த மாதிரி இருந்தது, இரண்டும் பத்துக்கு. முதல் மூன்று நாள் எதையும் மாற்றாதே, எழுது மட்டும். நாலாம் நாளிலிருந்து, செய்வதற்கு முன்பே எவ்வளவு மார்க் வரும் என்று ஊகித்து எழுதி, செய்த பிறகு உண்மையான மார்க்கைப் போடு. பெரும்பாலும் ஊகம் 2 என்று இருக்கும், செய்த பின் 4, 5 வரும். முடங்கிக் கிடக்கும்போது மனசு எல்லா வேலைக்கும் குறைத்துத்தான் மதிப்புப் போடும். அது தப்புக் கணக்கு என்று உன் கையெழுத்திலேயே தெரிய வேண்டும், நான் சொல்லி ஏறாது.

படிப்புக்கு முதல் வாரம் தினம் 10 நிமிஷம்தான். குரூப் 4-ல் 200 கேள்வி, அதில் 25 திறனறிவு. அங்கே தொடங்கு, தனிவட்டியில் 5 கணக்கு. ராத்திரியே நோட்டை அந்தப் பக்கத்தில் திறந்து, பேனாவை மேலே வைத்துவிட்டுப் படு. “காலையில் படிப்பேன்” என்று தீர்மானம் எடுப்பது வீண். “காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் மேஜையில் உட்காருவேன்” என்று ஒரு வேலையின் வாலில் இதைக் கட்டு. ஐந்து கணக்கு முடிந்ததும் எழுந்துவிடு, உற்சாகம் வந்தாலும் சரி. பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். நாலாம் நாள் வேகம் வந்து மூன்று மணி நேரம் படிப்பார்கள், மறுநாள் மலைப்பு வந்து விட்டுவிடுவார்கள். இரண்டாம் வாரம் தினம் 15 நிமிஷம், மூன்றாம் வாரம் 25 நிமிஷம்.

தாள் முழுக்கக் கடமையாகவும் நிரப்பாதே. கேரம், கோட்டை மைதானத்தில் நண்பர்களோடு நடை, ஏதாவது ஒன்று தினம் இருக்கட்டும்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் செய்து 2010-ல் வெளியான ஆய்வில், ஒரு பழக்கம் தானாக ஓட நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய நஷ்டம் இல்லை என்பதும் அதிலேயே தெரிந்தது. ஆகவே விட்ட நாளுக்காக மறுநாள் இரட்டிப்பாகப் படிக்காதே, அதே 5 கணக்கு போதும்.

தனியாக உட்கார முடியாவிட்டால் மாவட்ட மைய நூலகத்துக்குப் போய்ப் படி. இங்கே அடுக்குமாடி வீடுகளில் வசந்தத்தில் ஒரு நாள் குறித்து, மாடிப்படியில் நோட்டீஸ் ஒட்டி, எல்லோரும் சேர்ந்து வளாகத்தைப் பெருக்குவார்கள். தனியாக ஒரு வாரம் தள்ளிப்போடும் ஆள்கூட அன்றைக்குத் துடைப்பத்தோடு வந்து நிற்பார். பக்கத்தில் நாலு பேர் வேலை செய்தால் நம் கையும் ஓடும்.

இன்னொன்று முக்கியம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே நாட்டமில்லை, பசி இல்லை, விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் ஓடுகிறது என்றால் அது சோம்பல் கிடையாது. மறைக்காமல் டாக்டரைப் பார். ஹீமோகுளோபின், தைராய்டுக்கு டிஎஸ்எச், பி12, வைட்டமின் டி பார்க்கச் சொல், இவை குறைந்தோ கூடியோ இருந்தாலும் உடம்பு இப்படித்தான் தளரும். பாகாயத்தில் சிஎம்சி மனநல மையம் இருக்கிறது. போனில் பேச அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் இலவசம். சாகலாமா என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால் அந்த நிமிஷமே அப்பாவை எழுப்பு, எனக்கும் போன் பண்ணு, இங்கே மணி எத்தனை என்று பார்க்காதே.

அம்மாவிடம் சொல்: காலையில் ஒரே ஒரு முறை எழுப்பினால் போதும், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம்.

முதல் வாரத்துத் தாளை ஞாயிற்றுக்கிழமை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. மார்க் குறைவாக இருந்தாலும் திருத்தாமல் அனுப்பு, எந்த மணி நேரத்தை மாற்றுவது என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அன்புடன்,
அக்கா