எஃப் கார்டை முதல் ஃப்ரெட்டில் தொடங்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிட்டார் பழகுபவர்கள் எஃப் மேஜர் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடி) வந்ததும் திணறுவதும், "விரலில் வலு போதாது, இன்னும் அழுத்து" என்று அவர்களுக்குச் சொல்வதும் வாடிக்கையாகிவிட்டது. இந்த அறிவுரை பாதி தவறு. ஆட்காட்டி விரல் ஆறு கம்பிகள் மேலும் படுத்திருந்தாலும், இந்த மேஜர் வடிவத்தில் அது ஒலிக்கவைக்க வேண்டியவை 6, 2, 1 ஆகிய மூன்றுதான் (மிக மெல்லிய கம்பி 1, மிகத் தடித்தது 6). 5-ஆம் கம்பியை மோதிர விரலும், 4-ஆம் கம்பியைச் சுண்டு விரலும், 3-ஆம் கம்பியை நடுவிரலும் பார்த்துக்கொள்கின்றன. ஆக, விரலின் நடுப்பகுதியைப் போட்டு நசுக்குவது வீண் உழைப்பு. இதே வடிவத்தின் மைனர் வகையில் நடுவிரல் விலகிவிடுவதால் 3-ஆம் கம்பியும் ஆட்காட்டி விரலின் தலையில் விழும். ஒரு விரல் குறைகிறதே, எளிதாக இருக்கும் என்று நினைத்தால், எஃப் மைனர் 'டொக்' என்று செத்த சத்தம் தருவது அதனால்தான்.

கார்டைப் பிடித்தபடி ஒவ்வொரு கம்பியாக மீட்டிப் பாருங்கள். ஊமையான கம்பி பெரும்பாலும் விரல் மூட்டின் மடிப்புக்குள் விழுந்திருக்கும். அழுத்தத்தைக் கூட்டாமல், விரலை இரண்டு மூன்று மி.மீ. மேலோ கீழோ நகர்த்தினாலே ஒலி திறந்துகொள்ளும். விரலைத் தட்டையாக வைக்காமல் நட் (கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகளைத் தாங்கும் பட்டை) பக்கம் சற்றே உருட்டினால், சதை குறைந்த, எலும்பு ஒட்டிய ஓரம் கம்பியில் படும். ஃப்ரெட்டை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையை) ஒட்டினாற்போல் விரலை வையுங்கள். பின்னால் தள்ளிவைத்தால் கரகரக்கும்.

கட்டைவிரல் கழுத்தின் பின்புறம், ஏறக்குறைய நடுவிரலுக்கு நேரே இருக்கட்டும். அதைக்கொண்டு இடுக்கிபோல் நெரிக்கக் கூடாது. வலது முன்கை கிட்டாரின் உடலை மார்போடு அணைத்திருக்க, இடது கை முழங்கையிலிருந்து மெல்லப் பின்னால் இழுத்தால் போதும். கட்டைவிரலின் அடியில் வலித்தால் நெரிக்கிறீர்கள் என்று பொருள். கையை உதறிவிட்டு ஓய்வு கொடுங்கள். ஒரே மூச்சில் அரைமணி நேரம் மல்லுக்கட்டுவதைவிட, ஐந்து நிமிடமாக நாளில் நான்கு முறை பழகுவது மேல்.

கற்றுத்தருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் ஃப்ரெட்டில் தொடங்காதீர்கள். நட்டுக்கு அருகே கம்பி விறைப்பாக இருக்கும்; ஃப்ரெட்களின் இடைவெளியும் அங்கேதான் அதிகம். அதே வடிவத்தை 5-ஆம் ஃப்ரெட்டில் பிடித்தால் ஏ மேஜர். அது தெளிவாக ஒலித்த பிறகு ஒவ்வொரு ஃப்ரெட்டாக இறங்கலாம். 3-ஆவதில் ஜி, கடைசியில் எஃப். அதுவரை பாட்டுக்கு எஃப் தேவைப்பட்டால் மெல்லிய நான்கு கம்பிகளில் (4 முதல் 1 வரை) மட்டும் பிடிக்கும் சிறிய எஃப் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் எஃப் மட்டும் அடம்பிடித்தால் கருவியைச் சந்தேகியுங்கள். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) மாட்டி, அடுத்த ஃப்ரெட்டில் அதே வடிவத்தைப் பிடியுங்கள். சட்டென்று எளிதாகிவிட்டால் குறை நட்டில்தான்: அதன் பள்ளங்கள் ஆழமில்லாமல் கம்பி உயரமாக நிற்கிறது. இன்னொரு சோதனை: 3-ஆம் ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் பாருங்கள். அங்கே ஒரு தாள் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி இருக்க வேண்டும். அதிகமென்றால் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். வீட்டிலேயே அரம் போட வேண்டாம். பள்ளம் மயிரிழை கூடிப்போனாலும் அழுத்தாத கம்பி ஃப்ரெட்டில் உரசி இரையும், பிறகு நட்டையே மாற்ற வேண்டிவரும்.

இப்படிக்கு,
கிட்டார் பயிற்றுநர் ஒருவர்