சாரணர் கட்டடம் சாரணர் விதிப்படி இருக்கட்டும்

பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் தமிழ்நாடு மாநிலப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 2025 தொடக்கத்தில் மணப்பாறையில் நடந்த வைரவிழா பெருந்திரளணியின்போது (ஜம்போரி என்னும் பெரிய சாரணர் முகாம்), ரூ.10 கோடியில் இயக்கத்துக்குப் புதிய தலைமை அலுவலகம், நவீன பயிற்சி வசதிகளுடன் அமையும் என்று தமிழக அரசு அறிவித்தது. பல ஆண்டுகள் சாரண ஆசிரியராக இருந்த எனக்கு அது பெரிய மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியோடுதான் சில கோரிக்கைகளை எழுதுகிறேன்.

சாரணர் இயற்கையை நேசிப்பவர், சிக்கனமானவர் என்று உறுதிமொழி எடுக்கும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். முகாமுக்கு வந்த பிள்ளை அங்கே பார்ப்பது என்ன? ஒழுகும் குழாய், பகலிலும் எரியும் விளக்கு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் குவியும் காகிதத் தட்டுகள். நாம் சொன்னதை விட்டுவிட்டு, பார்த்ததைத்தான் அந்தப் பிள்ளை வீட்டுக்கு எடுத்துப் போகிறது.

பசுமைக் கட்டடம் என்றாலே எல்லாரும் சூரிய மின்தகடுகளைத்தான் நினைக்கிறார்கள். அவை அவசியம்தான், கூரையில் கட்டாயம் வையுங்கள். ஆனால் அதற்கும் முன்னால் வர வேண்டியது தண்ணீர். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். தமிழ்நாட்டின் ஆண்டு மழை சராசரியாக 900 மில்லிமீட்டருக்குக் குறையாது. 500 சதுர மீட்டர் கூரைக்கு நாலரை லட்சம் லிட்டர்! ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் மூன்றரை லட்சத்துக்கு மேல் மிஞ்சும். 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் நம்முடையது. பெயருக்கு ஒரு குழி தோண்டி மூடிவிடாமல், வடிகட்டியும் தொட்டியும் பிள்ளைகள் திறந்து பார்த்துத் துப்புரவு செய்யும்படி வெளியில் இருக்கட்டும்.

குளியலறைத் தண்ணீரும் பாத்திரம் கழுவும் தண்ணீரும் சாக்கடைக்குப் போக வேண்டியதில்லை. ஜல்லியும் மணலும் போட்டு, கல்வாழை நட்ட பாத்தி வழியாக விட்டால் தோட்டத்துக்கு ஆகும். சாரணியர் கழிப்பறைகளை மட்டும் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன். எண்ணிக்கையிலும் தண்ணீரிலும் நாப்கின் அகற்றும் வசதியிலும் அங்கே எந்தக் கஞ்சத்தனமும் வேண்டாம். சிக்கனம் என்ற பெயரில் பெண் பிள்ளைகளின் வசதியைக் குறைப்பது அநியாயம்.

அடுத்தது சமையலறை. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் டம்ளரும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. அப்படியும் முகாம்களில் அவை புழங்குகின்றன, கழுவ ஆள் இல்லை என்பார்கள். சாரணர் முகாமில் கழுவ ஆள் இல்லையா? ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் கொண்டுவரச் சொல்வது பழைய வழக்கம்தானே! கழுவ மூன்று தொட்டிகள், மிச்சச் சோற்றுக்கு ஓர் உரக்குழி, ஒவ்வோர் அணிக்கும் ஒருநாள் கழுவும் முறை. இதற்குச் செலவு ரொம்பக் குறைவு.

அப்புறம் வெக்கை. கண்ணாடி முகப்பு வைத்து ஏசி போட்டுவிடாதீர்கள். ஆழமான தாழ்வாரம், எதிரெதிரே சன்னல்கள், மொட்டை மாடியில் வெள்ளைத் தளம், இவை இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மின்விசிறி வாங்கும்போது 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி (மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார்) விசிறியாகப் பாருங்கள். பழைய விசிறிகள் 75 வாட் வரை இழுக்கும். இடத்தில் ஏற்கெனவே நிற்கும் மரங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றைச் சுற்றித்தான் வரைபடம் போட வேண்டும்.

மாவட்டங்களில் உள்ள பழைய பயிற்சி இடங்களையும் மறந்துவிடாதீர்கள். புதுக் கட்டடத்துக்காக அவை காத்திருக்க வேண்டியதில்லை. தட்டும் உரக்குழியும் அடுத்த முகாமிலேயே தொடங்கலாம்.

வரைபடத்துக்கு ஒப்புதல் தரும் முன், சாரணர், சாரணியர், வயதில் மூத்த திரிசாரணர் சிலரையும் முகாம் நடத்திப் பழகிய ஆசிரியர்களையும் பொறியாளர்களோடு ஒருநாள் உட்கார வையுங்கள். குழாய் எந்த உயரத்தில் இருந்தால் குருளையர் என்னும் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டும் என்பது வரை அவர்கள் சொல்வார்கள்.

அன்புடன்,
ஒரு முன்னாள் சாரண ஆசிரியர்