கப்பல் விலையும் கட்டிய பின் செலவும்

ஐயா,

கடற்படைக்குப் புதிய போர்க்கப்பல்கள் கட்டுவது குறித்த தங்கள் தலையங்கம் கண்டேன். கப்பல்கள் தேவைதான்; அதில் வாதமில்லை. ஆனால் அறிவிக்கப்படும் தொகை கட்டுமானச் செலவு மட்டுமே. அதுவும் நிலையாக நிற்பதில்லை. ஐஎன்எஸ் விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலுக்கு 2002-இல் ஒப்புதல் தந்தபோது மதிப்பீடு 3,261 கோடி ரூபாய். 2014-இல் திருத்தியபோது 19,341 கோடி. கடலில் இறங்கிய பின் பல பத்தாண்டுகளுக்கு எரிபொருள், உதிரிப்பாகம், உலர்துறைப் பழுதுபார்ப்பு, மாலுமிகளின் சம்பளம் எல்லாம் தனிக் கணக்கு.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குக் காப்பி மூட்டை இறக்கும் வேன் ஒன்று வைத்திருக்கிறேன். வாங்கும்போது மாதத் தவணையை மட்டுமே பார்த்தேன். 20 கொண்டை ஊசி வளைவுகளும் பிரேக் லைனிங்கைத் தின்றன. டீசல், டயர், எஃப்.சி., இன்சூரன்ஸ் என்று எழுதிவந்த நோட்டைக் கூட்டிப் பார்த்தால் (மனைவிதான் கூட்டினார்) ஆறாம் ஆண்டிலேயே வண்டி விலையைத் தாண்டியிருந்தது. கப்பலுக்கும் இதே கணக்குதான். அமெரிக்கக் கடற்படை தரும் 30 ஆண்டுக் கப்பல் கட்டும் திட்டத்தின் செலவை, அந்நாட்டு நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் தனியே மதிப்பிடுகிறது. பெரும்பாலும் கடற்படை சொன்னதைவிடக் கூடுதலாகவே வருகிறது. இங்கோ தணிக்கைத் துறை பார்ப்பது பெரும்பாலும் செலவான பிறகுதான். ரகசியம் கெடாத அளவில், ஒவ்வொரு கப்பலின் ஆயுட்காலச் செலவு மதிப்பீட்டையும் ஒப்புதலுக்கு முன்பே நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழுவின் முன் வைக்கலாம்.

– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்.