கரையை வெட்டுங்கள், பெயரை வெட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த புகைப்படக் கலைக் கட்டுரையில், படத்தைச் சுற்றிக் கரை கட்டிக் கீழே கேமரா விவரத்தை எழுதி வைப்பது வெறும் தற்பெருமை என்று ஒரு வரி இருந்தது. உங்கள் இதழை வெகுகாலமாக வாங்கிப் படிப்பவன் நான். அந்த வரி உங்கள் பக்கத்தில் வந்ததுதான் மனதை மிகவும் நோகடித்தது.

நாங்குநேரி பக்கம் சிறிய ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஓய்வு கிடைத்தால் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போய்விடுவேன். வரித்தலை வாத்து தண்ணீரை விட்டு எழும்பும் படத்துக்குக் கீழே '400 மி.மீ., எஃப்/8, 1/2000, ஐஎஸ்ஓ 400' என்று லென்ஸ், துளை அளவு, ஷட்டர் வேகம், ஒளியுணர்திறன் எல்லாவற்றையும் வெள்ளைப் பட்டையில் போடுகிறேன். அதைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நான் 1/250 வச்சதாலதான் றெக்கை கலங்கிப் போச்சா?" என்று பையன்கள் வந்து கேட்கிறார்கள். காசு கொடுத்து வகுப்புக்குப் போக முடியாத பிள்ளைகளுக்கு அந்த ஒரு வரிதான் பாடம். பிலிம் காலத்தில் ஒவ்வொரு பிரேமுக்கும் நோட்டில் குறித்து வைப்போம். ரோல் கழுவி வருவதற்குள் எது எந்தப் படத்துக்கு என்று குழம்பிவிடும். 1995-இல் ஜப்பானில் வகுத்த எக்ஸிஃப் முறை வந்தபின் கேமராவே அதைக் கோப்புக்குள் எழுதிவிடுகிறது. அதை எடுத்து வெளியே காட்டுவதில் என்ன பெருமை இருக்கிறது?

கரையும் புதிதல்ல. அந்தக் காலத்தில் வெள்ளைக் கரை விட்டுத்தான் பிரிண்ட் போடுவார்கள். மவுண்ட் அட்டையின் மூலையில் ஸ்டுடியோ பெயர் அழுத்து முத்திரையாகப் புடைத்திருக்கும். விரலால் தடவினால் தெரியும். கல்யாண ஆல்பத்தில் அதைப் பார்த்து யாரும் முகம் சுளித்ததில்லை. செல்போன் கம்பெனி தன் பெயரைத் தானே போட்டுக்கொள்ளும் பட்டையை விளம்பரம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். எங்களையும் அதோடு சேர்த்ததுதான் வருத்தம்.

கேமரா மெனுவில் என் பெயரையும் உரிமைக் குறிப்பையும் ஏற்றி வைத்திருக்கிறேன். எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அது போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் வாட்ஸாப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் எல்லாம் கழன்றுவிடும். டாக்குமென்டாக அனுப்பினால்தான் தப்பும். உள்ளே எழுதிய பெயர் இப்படிச் சத்தமில்லாமல் போய்விடுவதால்தான் வெளியே பட்டை கட்டுகிறோம். அதிலும் யோசிக்காமல் எதையும் செய்வதில்லை. கூடு கட்டியிருக்கும் பறவை என்றால் இடக்குறிப்பை மட்டும் நானே அழித்துவிடுவேன். இல்லாவிட்டால் கூட்டம் கூடிவிடும், வேட்டைக்காரனுக்கும் வழி தெரிந்துவிடும்.

பழையதைக் கிளற வேண்டாம் என்றுதான் இருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் இதழிலேயே என் கூழைக்கடா படம் வந்தது. கரை இல்லை, பட்டை இல்லை, கீழே 'நன்றி: இணையம்'. போன் செய்தபோது, "கூகுள்லேர்ந்து எடுத்தோம் சார்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. ஒரு நாளிதழ் எங்கள் ஊர்த் தேர்ப் படத்தில் கீழ்ப்பட்டையை வெட்டிய அவசரத்தில் வடம் பிடித்தவர்களின் பாதங்களையும் சேர்த்து வெட்டிவிட்டது. வெயிலில் வெறுங்காலோடு தேர் இழுத்தவர்கள் அவர்கள். படத்தில் முட்டிக்குக் கீழே ஒன்றுமில்லை. அதற்கும் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65பி பிரிவின்படி, படைப்பாளியின் உரிமைத் தகவலை அனுமதியில்லாமல் தெரிந்தே நீக்கினால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. வழக்குப் போடும் வசதியோ ஆசையோ எனக்கு இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். இனிமேல் படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயரைப் போடுங்கள். பக்க வடிவமைப்புக்குக் கரை ஒத்துவராவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். ஆனால் பட்டையில் உள்ள பெயரைப் படித்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள். உங்கள் இணையதளத்தில் படத்தைச் சுருக்கி ஏற்றும்போது உள்ளே இருக்கும் பெயரும் உரிமைக் குறிப்பும் அழியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தக் கூழைக்கடா படத்துக்கு இப்போதாவது ஒரு வரித் திருத்தம் வெளியிட்டால் நன்றியுடையவனாக இருப்பேன். பணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டுடியோக்காரர்,
நாங்குநேரி.