ஞாயிறு வாசிப்பு: ‘மாக்கிங்ஜே’

நண்பர்களே, வரும் ஞாயிறு மாலை 4 மணிக்கு பெங்களூரு அல்சூர் ஏரிக்கரை, திருவள்ளுவர் சிலை பக்கம் கூடுகிறோம். மெட்ரோவில் வருபவர்கள் ஹலசூரு நிலையத்தில் இறங்குங்கள்.

பேசப்போவது சுசான் காலின்ஸின் ‘மாக்கிங்ஜே’ (2010), ‘ஹங்கர் கேம்ஸ்’ வரிசையில் மூன்றாவது நாவல். இன்னும் முடிக்காதவர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கதை உடைந்துவிடும்.

நாயகி காட்னிஸைக் காதலிக்கும் பீட்டாவைத்தான் விரிவாகப் பேச ஆசை. எதிரிகள் குளவி விஷம் ஏற்றி அவன் நினைவுகளையே திரித்துவிடுகிறார்கள். உயிராக நேசித்த காட்னிஸின் கழுத்தை நெரிக்கப் பாய்கிறான். அப்புறம் எது நிஜம், எது பொய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு மீண்டு வருகிறானே, போர் நடுவே காதலை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன இளையோர் கதைகள் குறைவு.

காட்னிஸின் நண்பன் கேல் விஷயம் வேறு. அவன் யோசித்த அதே மாதிரி குண்டுப்பொறியில்தான் காட்னிஸின் தங்கை பிரிம் சாகிறாள். என்னால் அவனை மன்னிக்க முடியவில்லை. முடிந்தவர்கள் கட்டாயம் வந்து வாதாடுங்கள். காட்னிஸின் அம்பு சர்வாதிகாரி ஸ்னோவை விட்டுப் புரட்சித் தலைவி காயின் மேல் பாய்ந்தது துரோகமா என்பதையும் பேசுவோம்.

கல்லூரிப் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். புத்தகம் கிடைக்காதவர்கள் இங்கேயே சொல்லுங்கள், என் பிரதியைத் தருகிறேன்.